விளக்கணையாத வீடு: பிலிப்பைன்ஸில் ஒரு பாட்டியை வழியனுப்பும் விதம்

மணிலாவுக்குத் தெற்கே, லகூனா மாகாணத்தில் ஏதோ ஒரு சிற்றூர். இரவு 2 மணி. தெருவில் பாதியை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள். குழல்விளக்குகள் எரிகின்றன. நான்கைந்து மேசைகளில் சீட்டாட்டம் சூடாக நடக்கிறது. ஒரு மூலையில் பெரிய பாத்திரத்திலிருந்து இஞ்சி மணக்கும் கோழிக்கஞ்சியை மொண்டு கிண்ணங்களில் ஊற்றுகிறார் ஒரு பெண். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, அவற்றில் சுருண்டு தூங்குகிறான் ஒரு சிறுவன். வெளியூர்க்காரர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கல்யாண வீடு என்றுதான் நினைப்பார். பந்தல் வாசலில் கட்டியிருக்கும் பிளெக்ஸ் பேனரில் ஒரு மூதாட்டி சிரிக்கிறார். அவர் படத்துக்குக் கீழே இரண்டு தேதிகள். அப்போதுதான் விஷயம் புரியும். அந்த மூதாட்டி உள்ளே, கூடத்தில், கண்ணாடி பதித்த பெட்டிக்குள் இருக்கிறார். இன்றோடு ஐந்தாவது இரவு.

இதற்குப் பெயர் லாமாய். தகாலோக் மொழியில் இரவில் கண்விழித்திருப்பதைக் குறிக்கும் சொல் அது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு வேலையை முடிப்பதையும் இதே சொல்லால் குறிப்பதுண்டு. உடலைப் பார்வைக்குக் கிடத்தியிருப்பதற்கு புரோல் என்று வேறொரு சொல் இருக்கிறது. பேச்சில் இரண்டும் கலந்து புழங்கினாலும் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. புரோலில் இருப்பவர் இறந்தவர். லாமாயில் இருப்பவர்கள் மற்ற எல்லோரும்.

பிலிப்பைன்ஸ் துக்கவீட்டைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுபவர்களுக்கு அங்கே நடப்பவை முன்னுக்குப்பின் முரணாகத் தோன்றும். சாவு வீட்டில் சூதாட்டமா? ஒரு வாரம் உடலை வைத்திருப்பார்களா? வந்தவர்களுக்கு நன்றிகூடச் சொல்ல மாட்டார்களா? ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இவற்றில் பெரும்பாலானவை தெளிவாகிவிடும். அடக்கம் முடியும்வரை இறந்தவரை இரவில் தனியாக விடக்கூடாது. யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். விளக்கு அணையக்கூடாது. காபி, கஞ்சி, சீட்டு, சிரிப்பு எல்லாம் தூக்கத்தை விரட்டுவதற்கு வந்தவை; பிறகு அவையே வழக்கமாகிவிட்டன.

இந்த விதிக்குப் பழைய காரணம் ஒன்று சொல்வார்கள். அஸ்வாங் என்ற பிணந்தின்னிப் பேய் உடலைத் திருடிக்கொண்டு, அதன் இடத்தில் வாழைத்தண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும் என்ற அச்சம். காவல் இருக்கும் வீட்டில், சத்தம் இருக்கும் வீட்டில் அதற்கு வேலையில்லை. இன்று அஸ்வாங்கை நம்புகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். காவல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏன் இத்தனை நாள்?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். லோலா என்றால் பாட்டி, லோலோ என்றால் தாத்தா. நம் லோலாவுக்கு 86 வயது. ஏழு பிள்ளைகள், முப்பதுக்கு மேல் பேரப்பிள்ளைகள். பிலிப்பைன்ஸில் அந்தத் தலைமுறையில் இது அசாதாரணமான எண்ணிக்கை இல்லை. மூத்த மகள் ஊரில் இருக்கிறார். ஒரு மகள் ரியாத்தில் நர்ஸ். ஒரு மகன் சரக்குக் கப்பலில் மாலுமி. அன்றைக்கு அட்லாண்டிக்கில் எங்கேயோ இருக்கிறார். பேரன் ஒருவன் டொராண்டோவில்.

2022-இல் வெளிநாட்டில் வேலை செய்த பிலிப்பினோக்களின் எண்ணிக்கை சுமார் 19.6 லட்சம் என்று அந்நாட்டின் புள்ளிவிவர அமைப்பு கணக்கிட்டது. வெளிநாடுகளிலேயே குடியேறிவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஆகவே, ஒரு லோலா கண்ணை மூடினால் முதலில் எழும் கேள்வி ‘எப்போது அடக்கம்’ அல்ல, ‘யார் யார் வர வேண்டும்’ என்பதுதான். முதலாளியிடம் விடுப்பு, சவூதியிலிருந்து வெளியேறும் அனுமதி, அடுத்த துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்க ஏற்பாடு, டிக்கெட். கடைசி ஆள் எந்த நாளில் வந்து இறங்குவார் என்று தெரிந்த பிறகுதான் அடக்க நாள் குறிக்கப்படும். மூன்று நாள் முதல் ஒரு வாரம் என்பது பொதுவான அளவு. வர வேண்டியவருக்குத் தாமதமானால் அதற்கு மேலும் போகும். உடல் அத்தனை நாள் தாங்குவதற்கு எம்பாமிங் செய்துவிடுகிறார்கள். புனெரார்யா என்னும் ஈமச்சடங்கு நிறுவனம் உடலைக் கொண்டுபோய்ப் பதப்படுத்தி, அலங்கரித்து, விளக்குத் தண்டுகளோடும் திரைச்சீலையோடும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வைக்கும். வசதியுள்ள நகரத்தார் அந்த நிறுவனத்தின் கூடத்திலேயே லாமாய் வைத்துக்கொள்கிறார்கள். இடமில்லாதவர்கள் பராங்காயின், அதாவது அடிமட்ட ஊராட்சியின், கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் வைப்பார்கள்.

எல்லா பிலிப்பினோக்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிண்டானாவோவின் முஸ்லிம்கள் இஸ்லாமிய முறைப்படி ஒரு நாளுக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள். 1914-இல் தொடங்கிய இக்லேசியா நி கிறிஸ்தோ சபையினர் இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை. கொர்தில்லேரா மலைகளில் வாழும் மக்களின் முறைகள் தனி உலகம். நாம் பேசிக்கொண்டிருப்பது சமவெளியில் வாழும் கத்தோலிக்கர்களைப் பற்றி. நாட்டில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் கத்தோலிக்கர்கள்.

பெட்டிக்குள் ஒரு வம்சாவளி

லோலாவின் பெட்டி இரண்டு பாதியாகத் திறக்கும். மேல்பாதி மூடியைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். முகத்துக்கு மேலே கண்ணாடி. அந்த மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பட்டுத்துணி. அதில் வரிசையாகச் சிறு ரிப்பன்கள் குத்தியிருக்கும். ஒவ்வொரு ரிப்பனிலும் ஒரு பெயர்: பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். குடும்பம் பெரிதாக இருந்தால் துணியில் இடம் போதாது. பார்க்க வரும் உறவினர்கள் லோலாவின் முகத்தைப் பார்த்த கையோடு மேலே நிமிர்ந்து ரிப்பன்களைப் படிப்பதைக் கவனிக்கலாம். தன் பெயர் இருக்கிறதா, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விட்டுப்போன பெயர் வருடக்கணக்கில் பேசப்படும்.

பேரப்பிள்ளைக்குத் தகாலோகில் ஆபோ என்று பெயர். கொள்ளுப்பேரன் ஆபோ சா தூஹோத்: முழங்கால் பேரன். எள்ளுப்பேரன் ஆபோ சா தலாம்பாகான்: உள்ளங்கால் பேரன். தலைமுறை கீழே இறங்க இறங்க உடம்பிலும் கீழே இறங்கிக்கொண்டே போகிறது இந்தக் கணக்கு. ஆண்பால் பெண்பால் பேதம் இதில் இல்லை; தமிழில் எழுத வசதிக்காகப் பேரன் என்கிறேன்.

இந்தச் சொற்களெல்லாம் ஆண்டில் மற்ற நாள்களில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. லாமாயில் தேவைப்படுகின்றன. டொராண்டோவிலிருந்து வந்த பேரன், இதுவரை பார்த்தேயிராத முதியவர் ஒருவர் முன் நிறுத்தப்படுகிறான். ‘உன் லோலாவின் தம்பி’ என்கிறார்கள். அவன் குனிந்து அவருடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். மானோ என்னும் ஆசி வாங்கும் முறை அது. அதற்குள் யாரோ ஒரு சின்னப் பெண் வந்து அவனுடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வாள். அவன் அவளுக்கு மாமாவாகிவிட்டான் என்று அப்போதுதான் அவனுக்கே தெரியும். பெரியவர்களாகிவிட்ட பிலிப்பினோக்களிடம் பாட்டியின் லாமாயைப் பற்றி நினைவுகூரச் சொன்னால், பலரும் முதலில் சொல்வது அழுகையை அல்ல. ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளோடு தெருவில் விடிய விடிய ஓடித் திரிந்ததை, அளவில்லாமல் கிடைத்த மிட்டாயை, பிஸ்கட்டை, பெட்டிக்கு அருகே பாயில் வரிசையாகப் படுத்துக்கொண்டு பேய்க்கதை கேட்டதை.

தர்பூசணி விதையும் சீட்டுக்கட்டும்

இரவை ஓட்டுவதற்கான பொருள்களில் முதலிடம் புதோங் பாக்வானுக்கு. உப்பிட்டு வறுத்த தர்பூசணி விதைதான் அது. லாமாயில் இது இல்லாமல் இருக்காது. விதையைக் கூர்முனை மேலே இருக்கும்படி விரல்களால் பிடித்து, முன்பற்களுக்கு நடுவில் வைத்து லேசாகக் கடிக்க வேண்டும். ‘டக்’ என்று ஓடு பிளக்கும். அதிகம் அழுத்தினால் பருப்பு நொறுங்கி ஓட்டோடு கலந்துவிடும். குறைவாக அழுத்தினால் பிளக்காது. நாக்கு நுனியால் பருப்பை எடுத்துக்கொண்டு ஓட்டைக் கீழே போட வேண்டும். கிடைப்பதென்னவோ அரிசி அளவுக்குச் சற்றே பெரிய பருப்பு. அதில் வயிறு நிறையாது. ஆனால் கண்ணும் கையும் வாயும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். இந்த விதையைக் கொறித்துக்கொண்டே யாரும் தூங்கிவிட முடியாது. விடியற்காலையில் நாற்காலிகளுக்குக் கீழே ஓடுகள் மெத்தையாகக் கிடக்கும். அதைக் கூட்டவும் கூடாது! உடல் வீட்டில் இருக்கும்வரை வீட்டைக் கூட்டினால் அடுத்தடுத்த உயிர்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவதாக நம்பிக்கை.

சாப்பாட்டிலும் ஒரு தடை உண்டு. முருங்கைக்கீரை சேர்க்கக் கூடாது. கீரையை உருவும்போது இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்வது போலக் குடும்பத்தாரும் ஒருவர்பின் ஒருவராகப் போய்விடுவார்கள் என்பார்கள். அந்தக் கீரைக்குத் தகாலோகில் மலுங்காய் என்று பெயர். நம் முருங்கைதான் மலாய் மொழி வழியாகக் கடல் கடந்து போய் அப்படி ஆனது என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். சொல்லைக் கொடுத்தது நாம். இந்தப் பயத்தை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

சீட்டாட்டத்துக்கு வருவோம். மாஜோங், பிங்கோ, சாதாரணச் சீட்டு எல்லாம் உண்டென்றாலும் லாமாய்க்கே உரியதாகப் பேர்பெற்றது சாக்லா. நாணயம், கிண்ணம், வாள், தடி என்று நான்கு சின்னங்கள் கொண்ட ஸ்பானியச் சீட்டுக்கட்டில் ஆடுவது. மேசைமேல் சீட்டுப் படங்களைப் பரப்பி, எது வரும் என்று பணம் கட்டுகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கை எடுத்து இறந்தவர் வீட்டாருக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பங்குக்குத் தோங் என்று பெயர். சாக்லா சட்டப்படி குற்றம். ஆனால் துக்கவீட்டில் போலீஸ் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இந்தச் சலுகையைத் தெரிந்துகொண்ட சூதாட்டக்காரர்கள், யாரும் உரிமை கோராத உடலை வாடகைக்கு எடுத்துப் போலி லாமாய் நடத்திய செய்திகளும் வந்திருக்கின்றன. கேட்கும்போது சிரிப்பு வரும். பெட்டிக்குள் இருப்பவரை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

தோங் ஏன் அவசியமாகிறது என்பதற்குச் செலவுக் கணக்கே பதில். பெட்டி, எம்பாமிங், பந்தல், ஒரு வாரத்துக்கு ஊருக்கே சோறும் காபியும், கல்லறை இடம். சாதாரணக் குடும்பத்தால் தனியாகத் தாங்க முடியாது. வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணத்தை உறையில் வைத்துக் கொடுப்பார்கள். அதற்கு அபுலோய் என்று பெயர். சில வீடுகளில் பெட்டிக்குப் பக்கத்தில் துளையிட்ட ஓர் உண்டியல் இருக்கும். சில வீடுகளில் நோட்டுப் போட்டுப் பெயர், தொகை எழுதிக்கொள்வார்கள். மொய் நோட்டு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னொரு நாள் பணம் கொடுத்தவர் வீட்டில் துக்கம் நேரும்போது இந்த நோட்டைப் புரட்டுவார்கள். விசாயா தீவுகளில் தாயோங் என்று ஓர் அமைப்பு உண்டு: ஊரில் யார் இறந்தாலும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையையோ அரிசியையோ விறகையோ உடலுழைப்பையோ கொடுத்தாக வேண்டும். தகாலோக் பகுதிகளில் இதையொத்த அமைப்புக்குத் தாமாயான் என்று பெயர். துக்கம் விசாரிக்கும்போது சொல்லும் ‘நாகிகிராமாய் போ’ என்ற வாக்கியத்தின் நடுவில் இருப்பதும் தாமாயானில் உள்ள அதே தாமாய்தான்; ஒலி மட்டும் ‘ராமாய்’ என்று மாறியிருக்கிறது. ‘உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்’ என்று பொருள். இதைச் சொன்னவர் உறையும் கொடுத்து, விடியும்வரை விதையும் கொறித்தால் சொன்னதைச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசியல்வாதிகளும் தவறாமல் வருவார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் அழையாமலே ஆஜராகும் அரசியலை, அந்த மூன்று தகாலோக் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துக் ‘கே.பி.எல்.’ என்று கேலி செய்வது அங்கே வழக்கம். ராணுவச் சட்டக் காலத்து அதிபர் மார்க்கோஸ் தொடங்கிய கட்சிக்கும் அதே சுருக்கப்பெயர் அமைந்தது இன்னொரு வேடிக்கை. நகராட்சி உறுப்பினர் அனுப்பிய மலர்வளையத்தில் லோலாவின் பெயரைவிட அவருடைய பெயர் பெரிதாக இருக்கும்.

நன்றி சொல்லாதே, நேராக வீட்டுக்குப் போகாதே

விருந்தோம்பலுக்குப் பேர்போன இந்த மக்கள் துக்கவீட்டில் மட்டும் வித்தியாசமாக நடந்துகொள்வார்கள். வந்தவர் கிளம்பும்போது வீட்டார் வாசல்வரை வந்து வழியனுப்ப மாட்டார்கள். கொடுத்த அபுலோய்க்கு நன்றி சொல்ல மாட்டார்கள். இரண்டுமே சாவை அந்த விருந்தாளியோடு அனுப்பிவைப்பதாகிவிடும். பெட்டியின் கண்ணாடிமேல் கண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் போகிறவருக்குப் பயணம் பாரமாகிவிடும். கொலையுண்டவர் என்றால் கண்ணாடிமேல் ஒரு கோழிக்குஞ்சை விடுவதுண்டு. அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனச்சாட்சி உறுத்தும். நம் லோலாவோ தூக்கத்தில் போனவர். குஞ்சுக்கு வேலையில்லை.

விருந்தாளிக்கும் ஒரு விதி இருக்கிறது. லாமாயிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போகக்கூடாது. வழியில் எங்கேயாவது நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆவி கூடவே வந்துவிடும். இதைப் பக்பக் என்கிறார்கள். பாயை உதறுவது, தூசியைத் தட்டுவது என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். ஆவியை எங்கே உதறலாம் என்பதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இருபத்து நான்கு மணிநேரக் கடையோ ஜாலிபீ உணவகமோ போதும். நள்ளிரவில் ஒரு காபியும் வறுத்த கோழியும் சாப்பிட்டுவிட்டு, ஆவியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த உணவகங்களில் இதுவரை எத்தனை ஆவிகள் சேர்ந்திருக்கும் என்று கேட்டுச் சிரிப்பது பிலிப்பினோக்களுக்கே பிடித்த பழைய வேடிக்கை.

ஜெபம்

மாலையில் சீட்டு நின்றுவிடும். ஊரில் ஜெபம் நடத்தத் தெரிந்த மூதாட்டி ஒருவர் வருவார். பெட்டியின் முன் அமர்ந்து ஜெபமாலை சொல்லத் தொடங்குவார். இறந்தவருக்காக ஒன்பது இரவு தொடரும் இந்த வழிபாடுதான் பாசியாம். சியாம் என்றால் ஒன்பது. இறந்த நாளிலிருந்து எண்ணுவதா அடக்கத்திலிருந்தா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

ஜெபமாலையின் முடிவில் மன்றாட்டுமாலை வரும். மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூட்டம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும். தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பார்களே, அதுதான். தகாலோகில் வழக்கமான பதில் ‘இபானாலாங்கின் மோ காமி’. துக்கவீட்டில் கடைசிச் சொல் மட்டும் மாறுகிறது: ‘இபானாலாங்கின் மோ சியா’. எங்களுக்காக என்பது அவருக்காக என்றாகிவிடுகிறது. குழந்தைப் பருவத்திலிருந்து சொல்லிப் பழகிய வாய் தடுக்கும். முதல் இரவில் பாதிப் பேர் ‘காமி’ என்று தொடங்கிவிட்டுச் சட்டென்று திருத்திக்கொள்வார்கள். ஒன்பதாவது இரவில் யாருக்கும் தடுக்காது.

வடக்கே இலோகோஸ் பகுதியில் இதோடு வேறு சிலவும் உண்டு. வீட்டு முன்னால் விறகுக்கட்டையில் அணையாமல் எரியும் நெருப்பு. அது அணைவது அடக்கத்துக்குப் பிறகுதான். இறந்தவரின் வாழ்க்கையை முறையிட்டுப் பாடும் துங்ஆவ் என்னும் ஒப்பாரி. அடக்கம் முடிந்ததும் ஆற்றிலோ கடலிலோ தலைமுழுகும் சடங்கு.

அடக்க நாள்

கடைசிக் காலையில் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் லோலாவின் படம் அச்சிட்ட ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொள்ளும் குடும்பங்கள் அதிகம். அந்த வெள்ளைக் கூட்டத்தில் அங்கங்கே சிவப்பு தெரிந்தால் அவர்கள் சின்னக் குழந்தைகள். சிவப்பு போட்ட குழந்தையை ஆவி நெருங்காது.

பெட்டியை மூடுவதற்கு முன் லோலாவின் கையில் சுற்றியிருக்கும் ஜெபமாலையை ஒருவர் கத்தரியால் வெட்டுகிறார். முழுமையான வளையமாக விட்டால் சாவு சுற்றிச் சுற்றி வரும். வெட்டினால் சங்கிலி அறுந்துவிடும். பிறகு பேரப்பிள்ளைகளின் முறை. பெட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு மாமா, மறுபக்கத்தில் இன்னொரு மாமா. குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, பெட்டிக்கு மேலாக நீட்ட, எதிரே நிற்பவர் வாங்கிக்கொள்கிறார். தூக்கும்போது குழந்தையின் பெயரை உரக்கச் சொல்கிறார்கள். கைக்குழந்தை என்ன நடக்கிறதென்று தெரியாமல் பார்க்கிறது. மூன்று வயதுக்காரி கால்களை உதறிக்கொண்டு அலறுகிறாள். எட்டு வயதுப் பையனுக்குக் கூச்சம், கனமாகவும் இருக்கிறான், மாமாக்கள் முக்கிக்கொண்டு தூக்க, அவன் காலணி நுனி பெட்டியில் இடித்துவிடுகிறது. யாரோ சிரித்துவிடுகிறார்கள். இப்படிக் கடந்துவிட்ட குழந்தையின் கனவில் லோலா வந்து தொந்தரவு செய்ய மாட்டார், குழந்தையும் ஏங்கிக் காய்ச்சலில் விழாது என்பது நம்பிக்கை. கீழே விட்டதும் அந்தப் பையன் முதல்முறையாகக் கண்ணாடிக்குள் நேராகப் பார்க்கிறான். கடந்த ஒரு வாரமாக அவன் அதைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தான். இப்போது அழுகிறான்.

பெட்டி வாசல் நிலையில் எங்கும் இடிக்காமல் வெளியே வர வேண்டும். ஊர்வலம் கோயில் வரைக்கும், பிறகு கல்லறை வரைக்கும். கரோ என்னும் சவவண்டி நடை வேகத்தில் முன்னே போக, குடும்பம் குடைகளோடு பின்னே நடக்கிறது. கல்லறையில் கடைசியாக ஒருமுறை மூடியைத் திறப்பார்கள். வாரம் முழுக்கச் சீட்டாடியவர்கள், சமைத்தவர்கள், கணக்கெழுதியவர்கள் எல்லோரும் உடைந்து அழுவது அந்தச் சில நிமிடங்களில்தான். ரியாத்திலிருந்து வந்த மகளைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் வேண்டும். பணம் அனுப்பிக்கொண்டே இருந்தவள். கடைசி ஆறு ஆண்டுகள் அம்மாவைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு பூக்கள், சிலர் பறக்கவிடும் வெள்ளை பலூன்கள், காரையின் ஈர வாசனை. வந்தவர்களுக்குப் பொட்டலத்தில் ரொட்டியும் பழச்சாறும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

பொதுக் கல்லறைகளில் பெட்டியைப் பெரும்பாலும் மண்ணில் புதைப்பதில்லை. அடுக்கடுக்காகக் கட்டிய காரை அறைகளில் தள்ளி அடைக்கிறார்கள். அவற்றை ‘அபார்ட்மென்ட்’ என்றே அழைக்கிறார்கள். பெயருக்கேற்றபடி வாடகையும் உண்டு. மணிலாவின் பெரிய கல்லறைத் தோட்டத்தில் ஐந்தாண்டு குத்தகை. அது முடிந்ததும் எலும்புகளை எடுத்துச் சிறு மாடத்துக்கு மாற்ற வேண்டும். இது நகர நெருக்கடியின் கொடுமை என்று தோன்றும். ஆனால் பலாவான் தீவிலுள்ள மனுங்குல் குகையில் 1964-இல் கிடைத்த தாழியை நினைத்துப் பார்க்கிறேன். கி.மு. 890-க்கும் 710-க்கும் இடைப்பட்ட காலத்தது என்று கணித்திருக்கிறார்கள். இப்போது மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மூடிமேல் ஒரு படகு. படகில் இரண்டு பேர்: பின்னால் இருப்பவர் துடுப்பு பிடிக்க, முன்னால் இருப்பவர் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அதுவும் இரண்டாம் அடக்கத்துக்கானதுதான். முதலில் உடலை எங்கேயோ வைத்து, எலும்பான பிறகு எடுத்துத் தாழியில் இட்டிருக்கிறார்கள். அந்தப் படகிலும் இறந்தவர் தனியாகப் போகவில்லை.

நாற்பதும் ஓராண்டும்

இயேசு உயிர்த்தெழுந்து நாற்பதாம் நாள் விண்ணேறினார் என்பதால், இறந்தவரின் ஆன்மாவும் நாற்பது நாள் இந்த உலகத்தில் உலாவிவிட்டுத்தான் போகும் என்கிறார்கள். அதுவரை வீட்டுக்குள் கறுப்பு அல்லது பழுப்பு வண்ணத்துப்பூச்சி வந்தால் யாரும் விரட்டுவதில்லை. லோலா வந்திருக்கிறார். நாற்பதாம் நாள் ஜெபமும் சாப்பாடும். நெருங்கிய உறவினர்கள் கறுப்பு உடுத்துவார்கள், அல்லது சட்டையில் சின்னக் கறுப்புப் பட்டை குத்திக்கொள்வார்கள். ஓராண்டு நிறைவில் பாபாங் லுக்ஸா: துக்கத்தை இறக்கி வைத்தல். அன்றோடு கறுப்பு போகும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கலாம்.

2020-இல் கோவிட் வந்தபோது இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்தது. தொற்றால் இறந்தவர்களைப் பன்னிரண்டு மணிநேரத்துக்குள் எரிக்கவோ புதைக்கவோ வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. பல குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு சாம்பல் கலசம் மட்டும். கணினித் திரையில் கூடி ஜெபமாலை சொன்னார்கள். ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு நேரத்தில், ‘இபானாலாங்கின் மோ சியா’ ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியது. தொற்று தணிந்த பிறகு, கலசத்தை மேசைமேல் வைத்து, பந்தல் போட்டு, விட்டுப்போன இரவுகளைப் பிற்பாடு நடத்திய குடும்பங்களும் உண்டு.

நவம்பர் 1. உந்தாஸ் என்னும் கல்லறைத் திருநாள். லட்சக்கணக்கானவர்கள் பூவும் மெழுகுவர்த்தியும் சோற்றுப் பாத்திரமுமாகக் கல்லறைகளுக்குப் போகிறார்கள். பலர் கூடாரம் போட்டு இரவையும் அங்கேயே கழிக்கிறார்கள். வாசலில் போலீஸ் பைகளைச் சோதிக்கிறது. கத்தி கூடாது, மது கூடாது, ஒலிபெருக்கி கூடாது, சீட்டுக்கட்டும் கூடாது. பறிமுதலான பொருள்களில் சீட்டுக்கட்டுகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். ஒரு கட்டாவது உள்ளே போய்விடும் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும்.

லோலாவின் அறைக்கு முன்னால் குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. தர்பூசணி விதைப் பொட்டலம் கைமாறுகிறது. அன்று காலணியை இடித்துக்கொண்ட பையன் கல்லறை கல்லறையாகப் போய், உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி எடுத்து உருட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். உருண்டை கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் சூடாக இருப்பதால் கைக்குக் கை மாற்றிக்கொண்டே வருகிறான். லோலாவின் மெழுகுவர்த்திக்கு அடியில் நிறையத் திரண்டிருக்கிறது. அதை மட்டும் இன்னும் தொடவில்லை.